வானம் தெரியாத கூரை

நூற்று முப்பத்திரண்டு நாளில் எண்பத்து மூன்று கழிந்திருந்தது. மிச்சம் நாற்பத்தொன்பது. தினமும் சுபஹுத் தொழுகை முடிந்ததும் அடுப்படிக் கதவு நிலையில் ஸக்கியா கரியால் ஒரு கோடு இழுத்து வந்தாள். அன்றைக்கு எண்பத்து மூன்றாவது கோட்டுக்குக் கையைத் தூக்கியபோது உள்ளறையில் மருமகள் மஸீஹா இருமத் தொடங்கினாள். கோடு கோணிப்போயிற்று.

இருமல் நின்ற பிறகும் ஸக்கியா கரியைக் கீழே வைக்கவில்லை. அதற்குப் பின்னால் வரும் மூச்சுக்காகக் காத்து நின்றாள். மூச்சு இழுத்தது, நின்றது, மறுபடி இழுத்தது.

இளைய மகன் ஹுசைன் செப்டெம்பர் பதினாலாம் திகதி மூன்று நாள் காய்ச்சலில் மௌத்தானான். புருஷன் மௌத்தானவள் நாலு மாதமும் பத்து நாளும் இத்தா இருக்க வேண்டும். வெள்ளை உடுப்பு. வீட்டுக் கூரையை விட்டு வெளியே கால் வைப்பதில்லை. அந்நிய ஆண் கண்ணில் படுவதில்லை. மூத்தவன் ஜுனைதீன் கணக்குப் பார்த்து, ஜனவரி இருபத்து நாலு என்றான். சுவரில் தொங்கியது அறுபத்திரண்டாம் வருஷத்துக் கலண்டர்; அதில் அடுத்த ஜனவரி இல்லை. ஆகவே அதற்குப் பக்கத்துச் சுண்ணாம்பிலேயே சிவப்புப் பென்சிலால் எழுதிவைத்தான்.

வீடு இரத்தோட்டைக்கு மேலே, பஸ் திரும்பும் இடத்திலிருந்து கால் மைல் ஏறினால் வரும் சரிவில் இருந்தது. கீழே சாதிக்காய், மேலே கராம்பு. மஸீஹாவின் அறைக்குப் பின்சுவர் மலையை வெட்டிய மண்ணோடு ஒட்டியிருந்தது. அடுப்படிப் பக்கம் மட்டும் மலையை இன்னும் உள்ளே வெட்டிப் பின்வளவு எடுத்திருந்தார்கள். கார்த்திகை பிறந்தால் அந்தச் சுவர் வேர்க்கும். மார்கழியில் பச்சை பிடிக்கும். இருந்த ஒரே யன்னல் பாதையைப் பார்த்தது. பாதையில் ஆண்கள் போவார்கள். ஆகவே யன்னலை அடைத்தாயிற்று.

ஸக்கியா குடையை எடுத்துக்கொண்டு டிஸ்பென்சரிக்குப் போய் அப்போதிக்கரியிடம் மூச்சை வாயால் செய்து காட்டினாள். அவர் மருந்துப் போத்தலை நிரப்பிக்கொண்டே சொன்னார்:

"இது கால்வாசிதான் வேலை செய்யும். அந்த அறையில இருந்து ஆளை வெளியில எடுங்க. காத்து வேணும். ஈரம் ஆகாது."

"வெளியில எடுக்க ஏலா ஐயா."

"அப்ப இருமுவாங்க" என்றார் அவர்.

இருமல் என்றால் என்ன என்று ஸக்கியாவுக்குத் தெரியும். மஸீஹா இந்த வீட்டுக்கு வந்து ஆறு வருஷம். இரண்டு முறை உண்டாகி இரண்டு முறையும் போயிற்று. முதலாவது நாலாம் மாதம், இரண்டாவது ஐந்தாம் மாதம். இரண்டும் மாரியில்தான், இரண்டும் இரவும் பகலும் இருமி இருமித்தான். இரண்டு முறையும் சேதி சொல்லிச் சொந்தக்காரர் வீடுகளுக்குப் பாற்சோறு அனுப்பியிருந்தார்கள். பாத்திரம் திரும்பி வருமுன் புள்ளை போய்விட்டது.

மையித்து எடுத்த அன்றைக்கு ஊர்ப் பெண்கள், உண்டாகியிருக்கிறாளா என்று முறைப்படி கேட்டார்கள். மஸீஹா "ஒண்டும் இல்ல" என்று தலையாட்டினாள். அன்றைக்கு அது பொய்யில்லை. ஆனால் அதற்குப் பிறகு வந்த எண்பத்து மூன்று நாளில் பின்வளவுக் கொடியில் மஸீஹாவின் மாதத் துணி ஒருநாளும் காயவில்லை. துவைப்பவள் ஸக்கியா. அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. அவளும் யாருக்கும் சொல்லவில்லை. மஸீஹாவும் சொல்லவில்லை. ஒரே பீங்கானில் சாப்பிடும் இரண்டு பெண்கள், அந்த ஒன்றைத் தவிர எல்லாவற்றையும் பேசினார்கள்.

டிஸ்பென்சரியால் வந்த கையோடு ஸக்கியா பின்வளவில் சிரட்டைகளை வரிசையாக வைத்தாள். வீட்டுச் சுவரிலிருந்து ஒவ்வொரு அடிக்கும் ஒன்று, பத்துச் சிரட்டை. மூன்று நாள் மழையில் பார்த்தாள். ஓட்டுத் தாழ்வாரம் இரண்டடி நீண்டிருந்தும் சுவரோரச் சிரட்டையில்கூட அரைவாசித் தண்ணீர் நின்றது. மழை நேரே விழவில்லை. மலைப் பக்கமிருந்து சாய்ந்து வந்தது.

நாலாம் நாள் பொன்னையாவுக்கு ஆளனுப்பினாள். அவன் எல்கடுவைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவன். லயத்து முன்திண்ணை இஸ்தோப்புகளுக்குத் தகரம் அடித்துப் பழகி, பிறகு தோட்டத்தை விட்டு வந்து இரத்தோட்டையில் தச்சுவேலை செய்தான். வளவுக்குள் நுழையுமுன் மூன்று தரம் பலமாகச் செருமினான்.

"உள்ள வரலாங்களாம்மா? கண்ணைக் கீழ போட்டுக்கிட்டுத்தான் வர்றேன். வாசப்படியில தடுக்கி விழுந்தா பழி உங்களுக்கு."

"வா பொன்னையா. அவ உள்ள ஈக்கிறா, கதவு பூட்டி. இங்கன ஒரு கூரை வேணும். எட்டடிக்குப் பத்தடி. ஆள் இருந்து சாப்பிடணும், படுக்கணும், காத்து வரணும், மழை வரப்படாது. ரோட்டால போறவனுக்குத் தெரியவும் படாது."

பொன்னையா சிரட்டைகளைப் பார்த்தான். ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

"நம்ம தொரைமாருக்குக்கூட இந்த யோசனை வராதும்மா. மலைப் பக்கம் கூரையை நல்லாத் தாழ்த்திப்புடுவோம். நாலடிதான் விடுவேன். சாரல் அங்கயே முட்டிக்கிட்டு நிக்கும். ரெண்டு பக்கத்துக்கும் கிடுகுத் தட்டி. சுருட்டி ஏத்தலாம், இறக்கலாம்."

அன்று மாலை ஜுனைதீன் வந்தபோது பின்வளவில் எட்டுத் தகரமும் ஒரு பலா உத்திரமும் கிடந்தன. தகரம் அவன் கராம்பு காயப்போடும் கொட்டிலுக்கு வாங்கியது. உத்திரம் அந்தக் கொட்டிலுக்கே அறுத்து வைத்தது.

"உம்மா, இதென்ன?"

"அவளுக்குக் காத்து இல்ல."

"சரி, கூரை போடுங்க, நான் வேணாங்கல்ல. தை மாசம் எனக்குக் கராம்பு ஆயணும். மழையில எங்க கொண்டு காய வைக்கிற?"

"அதுக்குள்ள பாப்போம்."

"தகரம் போகட்டும். பலா உத்திரம் என்னத்துக்கு? நாப்பது நாளைக்குக் கமுகஞ் சிலாகை போதும். பொன்னையா, நீ செல்லு, போதுமா இல்லியா?"

பொன்னையா ஆணியை வாயில் கவ்விக்கொண்டான். வாயில் ஆணி இருப்பவனிடம் யாரும் பதில் எதிர்பார்ப்பதில்லை.

"மழை உன்ட கலண்டரப் பாத்தா பெய்யுது?" என்றாள் ஸக்கியா.

ஜுனைதீன் குரலைத் தாழ்த்தினான். அடைத்த கதவைப் பார்த்தபடி பேசினான். அவனும் தம்பி மனைவிக்கு அந்நிய ஆண்தான். எண்பத்தேழு நாளாக அவள் நிழலைக்கூட அவன் பார்த்ததில்லை.

"உம்மா, அவட நானா ஸுபைர் கடதாசி போட்டீக்கிறார். கலேவெலையில அவருக்குத் தெரிஞ்ச ஒரு யாவாரி. பெண்சாதி மௌத்தாப் போனவர். நல்ல மனுசனாம். இத்தா முடிஞ்ச கையோட நோன்புக்கு முந்தி நிக்காஹ் செஞ்சி வைக்கப் போறாராம். அவர்ட தங்கச்சி. நாங்க தடுக்க ஏலுமா? அவளுக்கும் இருபத்தாறு வயசுதானே."

ஸக்கியா ஒரு சிரட்டையை எடுத்துத் தண்ணீரைக் கவிழ்த்தாள்.

"நீ என்ன எழுதின?"

"ஓம் எண்டு எழுதினேன். வேற என்னத்த எழுத?"

அடைத்த கதவுக்கு அந்தப் பக்கம் இருமல் வரவில்லை. மூச்சுகூடக் கேட்கவில்லை.

வேலை மூன்றாம் நாளில் கூரை மட்டத்துக்கு வந்தபோது பள்ளிவாசல் லெப்பை வந்தார். யாரோ பள்ளியில் சொல்லியிருந்தார்கள். அவர் குடையோடு வளவில் நின்று அண்ணாந்து பார்த்தார். வீட்டு ஓட்டுக்கும் புதுத் தகரத்துக்கும் நடுவே ஒரு சாண் விட்டிருந்தது.

"இது சரிவராதே. இந்த இடைவெளியால வானம் தெரியுது. வீட்டக் கடந்து வெளியில போன மாதிரித்தானே? ஒரே கூரையா ஈக்கணும்."

பொன்னையா ஏணியில் நின்றபடி சொன்னான்: "அந்தச் சாண் இல்லாட்டி ஓட்டுத் தண்ணி எங்கங்க போகும்? ரெண்டையும் ஒட்டிப்புட்டா பொருத்து வழியா உள்ளுக்குத்தான் கொட்டும்."

"தண்ணி உன்ட வேல. வானம் என்ட வேல" என்றார் லெப்பை.

"லெப்பை ஐயாவுக்கு வானம் தெரியக்கூடாது. உம்மாவுக்கு மழை தெரியக்கூடாது. எனக்குப் பொண்ணு தெரியக்கூடாது. கண்ணைக் கட்டிக்கிட்டுத்தான் நான் ஆணி அடிக்கணும்."

லெப்பைக்கும் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார். ஸக்கியா முந்தானையை இழுத்து முகத்தை மறைத்துக்கொண்டு கேட்டாள்:

"லெப்பை, ஒண்டு கேக்கணும். இத்தா இருக்கிறவட கணக்கு, அவட உடம்பு விசயம், அத வேற ஆள் செல்ல ஏலுமா? மாமி, மதினி, அப்பிடி?"

"ஏலா. அவட உடம்பு அல்லா அவளுக்கு ஒப்படைச்ச அமானிதம். அவ வாயால செல்றதுதான் செல்லு. மத்தவங்க செல்றது வெறும் பேச்சு. ஏன் கேக்குறீங்க?"

"சும்மா."

லெப்பை அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு குடையை விரித்துக்கொண்டு இறங்கிப் போனார்.

அன்று பின்னேரம் பொன்னையா முழுக் கூரையையும் கழற்றினான். சுவர்ப் பக்கத்துக் கால்களை ஒன்றரைச் சாண் குட்டையாக அறுத்தான். தகரத்தின் தலையை ஓட்டுத் தாழ்வாரத்துக்குக் கீழே ஓரடி நுழைத்தான். ஓட்டுத் தண்ணீர் தகரத்தில் விழுந்து, தகரம் வழியே சரிந்து, மலைப் பக்கம் போய் விழும். மேலே வானம் இல்லை. கீழே ஒழுக்கு இல்லை. சொட்டும் கோட்டில் ஒரு முழக் கான் வெட்டி ஆற்றுக் கல் நிரப்பினான், சேறு தெறிக்காதபடி. தகரத்தின் சத்தம் மண்டையைப் பிளக்கும் என்று ஸக்கியா அதன்மேல் இலுக்குப் புல் வேய்ந்தாள். தரையை அரையடி உயர்த்தி மணல் கொட்டி, களிமண் பூசி, இரண்டு நாள் அடுப்புக் கரியைத் தட்டில் வைத்துக் காயவிட்டாள். உட்கார வாங்கு ஒன்று போட்டாள். மூலையில் சாம்பிராணிச் சட்டி வைத்தாள்.

கடைசியில் பலா உத்திரம். சுவரோரம், உயரமான பக்கத்தில் அதை ஏற்றிவைத்த பிறகு ஸக்கியா மடியிலிருந்து இரண்டு இரும்பு வளையங்களை எடுத்தாள்.

"இத உத்திரத்துல அடி. ஒண்டுக்கொண்டு ஒரு முழம் தள்ளி."

"எதுக்குங்கம்மா?"

"லாம்பு தொங்கப் போட."

"லாம்புக்கு ஒரு வளையம் போதுமே."

"ரெண்டு லாம்பு."

பொன்னையாவுக்கு ஐந்து பிள்ளைகள். வளையங்களை உள்ளங்கையில் வைத்து ஒருதரம் பார்த்தான். பிறகு மடித்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஏணியில் ஏறினான். சாதாரண வளையத்துக்கு நாலு அடி போதும். அவன் பத்துப் பன்னிரண்டு அடி அடித்தான். இறங்குமுன் இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கிப் பார்த்தான்.

"ரொம்பப் பாரமான லாம்பா இருந்தாலும் தாங்கும்மா" என்றான்.

மஸீஹா அங்கே வந்தது தொண்ணூற்று மூன்றாம் நாள். கதவைத் திறந்து ஒரு காலை வைத்துவிட்டு மேலே பார்த்தாள். தகரம்தான் தெரிந்தது. மற்றக் காலையும் வைத்தாள். மழை பெய்துகொண்டிருந்தது. நாலடி உயரத்துக் கீழ் விளிம்புக்கு அப்பால் ஈர மண்ணும் கராம்பு மரங்களின் அடியும் மட்டும் தெரிந்தன. அவள் வாங்கில் உட்கார்ந்து வாயைத் திறந்து மூச்சை இழுத்தாள். போர்வையைக் கழற்றவில்லை. குளிருகிறது என்று எப்போதும் அதைச் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

ஒரு கிழமையில் இரவு இருமல் குறைந்தது. இரண்டாம் கிழமையில் ரொட்டியும் சம்பலும் கேட்டுச் சாப்பிட்டாள். ஸக்கியா மல்லி அவித்து இஞ்சி தட்டிப் போட்டுக் கோப்பையில் கொடுப்பாள். எதிரே பாயில் இருந்து பலாக்கொட்டை சுட்டு உரிப்பாள். ஒருநாள் மழை விட்டுச் சொட்டு மட்டும் விழுந்துகொண்டிருந்த நேரம், மஸீஹா உத்திரத்தைப் பார்த்தபடி கேட்டாள்:

"மாமி, அந்த ரெண்டு வளையத்துல ஏன் இன்னம் லாம்பு கொழுவல்ல?"

"நேரம் வரல்ல."

"ரெண்டு முறை பாற்சோறு ஆக்கினீங்க."

"ம்."

"இந்த முறை ஆக்க வேணாம் மாமி. செல்லிட்டாப் போயிடும்."

ஸக்கியாவின் கை நின்றது. சுட்ட கொட்டை விரலில் சுட்டது.

"நான் ஒண்டும் கேக்கல்லியே புள்ள."

"கேக்கல்ல. அதான் செல்றேன். செல்லாம ஈக்கும் மட்டும் ஈக்கும்."

"கலேவெலைக்கு உன்ட நானா..."

"கேட்டேன். கதவு அவ்வளவு கனமில்ல."

"அப்ப?"

மஸீஹா கோப்பையைக் கீழே வைத்தாள். "இன்னம் நாள் ஈக்கே மாமி. இருபத்து நாலாம் திகதி மட்டும் ஈக்கே. ஒவ்வொரு நாளும் பெரிசு. கடைசி நாள் பாப்போம்."

ஸக்கியா கணக்குப் பார்த்தாள். கடைசி நாள் சொன்னால் போதும். நிக்காஹுக்கு முன் சொன்னால் போதும். வயிற்றில் உள்ளவளுக்கு இத்தா பிரசவத்தோடுதான் முடியும். அதற்கு முன் நிக்காஹ் செய்தால் அது நிக்காஹே இல்லை. சொல்லாமலே போய்விட்டால்? அந்த இடத்தில் அவள் நினைப்பை நிறுத்திக்கொள்வாள்.

நூற்று இருபத்தேழாவது கோடு இழுத்த சனிக்கிழமை, லெப்பை மறுபடி வந்தார். வந்தவுடன் கேட்டார்:

"இத்தா முடிக்கிற துஆவுக்கு என்ன ஏற்பாடு? நாளைக்குப் பின்னேரம் அஸரோட முடியுதே."

ஜுனைதீன் சுவரைக் காட்டினான். "வியாழக்கிழமைதானே லெப்பை? இருபத்து நாலு."

லெப்பை அந்தச் சிவப்பு எழுத்தைக் கிட்டப் போய்ப் பார்த்தார். "இங்கிலீசு மாசத்துலயா இத்தா எண்ணின நீங்க? பிறை மாசம் மகன், பிறை மாசம்! நாலு நாள் கூட எண்ணி வச்சீக்கிறீங்க. நாளைக்குத்தான்."

ஸக்கியா அடுப்படியில் நின்று கேட்டாள். கதவு நிலையில் இருந்த கோடுகளைப் பார்த்தாள். பள்ளிக்கும் நோன்புக்கும் பெருநாளுக்கும் பிறை பார்க்கும் வீட்டில், இதற்கு மட்டும் எல்லாரும் கலண்டரைப் பார்த்திருந்தார்கள்.

ஜுனைதீன் அன்றைக்கே கலேவெலைக்குத் தந்தி அடித்தான்.

ஞாயிறு லுஹர் தொழுகை முடிந்ததும் ஸுபைர் வந்து சேர்ந்தான். மூன்று பஸ் மாறி வந்ததில் சாரன் முழங்கால்வரை நனைந்திருந்தது. மஸீஹாவுக்குச் சிவப்பில் பூப்போட்ட சேலை ஒன்றைக் கடதாசியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தான். தங்கையைப் பார்க்கப் போனவன் இரண்டு நிமிஷத்தில் திரும்பி வந்தான்.

"போர்வைய மூடிக்கிட்டுப் பேசாம ஈக்கிறா. காய்ச்சலா?"

"குளிர்" என்றாள் ஸக்கியா.

"கலேவெலையில வெயில். அங்க வந்தாச் சரியாகும். உடுப்பு எல்லாம் கட்டி வைங்க மாமி. நாளைக்கு முதல் பஸ்."

அஸர் நெருங்கியது. மலையில் இருட்டி, மழை பிடித்தது. கராம்பு பறித்த சாக்குகள் நாலு விறாந்தையில் ஈரத்தோடு கிடந்தன. ஜுனைதீன் அவற்றைக் கிளறிக் கிளறிப் பார்த்தான். பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கியிருந்தது. அவன் காலையிலேயே பொன்னையாவை வரச்சொல்லியிருந்தான்.

"பொன்னையா, துஆ முடியும் மட்டும் இருக்க ஏலா, தகரத்தக் கழட்டத் தொடங்கு. உத்திரத்தையும் இறக்கு. இண்டைக்கே கொட்டில் போடணும். இல்லாட்டி இவ்வளவும் அழுகிடும்."

"மழை பெய்யுதுங்களே மொதலாளி."

"அதுக்குத்தானே தகரம்!"

பொன்னையா ஏணியைச் சாத்தினான். சுத்தியலைக் காணவில்லை என்று தேடினான். சுத்தியல் அவன் இடுப்பில்தான் இருந்தது. ஜுனைதீன் அதைச் சுட்டிக்காட்டினான். பொன்னையா இரண்டு படி ஏறிவிட்டு ஸக்கியாவைப் பார்த்தான்.

"ஜுனைதீன், கழட்ட வேணாம்" என்றாள் ஸக்கியா.

"ஏன் உம்மா?"

அவள் வாயைத் திறந்தாள். நாக்கின் நுனியில் நின்றது. லெப்பை விறாந்தையில் நின்றுகொண்டிருந்தார். மத்தவங்க செல்றது வெறும் பேச்சு. பேரனைக் காட்டித் தங்கையைப் பிடித்து வைக்கிறாள் கிழவி என்று ஸுபைர் சொல்வான். அதற்கும் மேல், தன் வாயால் அது வெளியே வந்து, அதன் பிறகு ஏதும் ஆகிவிட்டால்?

"வேணாம் எண்டா வேணாம்" என்றாள்.

"காரணம் செல்லுங்க உம்மா. நாலு சாக்குக் கராம்பு. ஒரு காரணம் செல்லுங்க."

ஜுனைதீன் பொன்னையாவுக்குக் கையைக் காட்டினான். முதல் ஆணி கிறீச்சிட்டுக் கொண்டு வந்தது. மலைப் பக்கத்துத் தகரத்தின் ஒரு முனை காற்றில் படபடத்தது. உள்ளே சாம்பிராணிச் சட்டியில் தண்ணீர் விழுந்து சீறியது.

லெப்பை கிடுகுத் தட்டிக்கு வெளியே வந்து நின்றார். செருமிக்கொண்டு முறைப்படி கேட்டார்:

"மகள் மஸீஹா, அஸர் ஆயிட்டுது. நாலு மாசமும் பத்து நாளும் நிறைஞ்சிட்டுது. இத்தா முடிஞ்சிட்டுது எண்டு உங்கட வாயால செல்லணும். அதுக்குப் பொறகு துஆ ஓதலாம்."

தகரம் அடித்துக்கொண்டது.

"வெக்கப்படுறா" என்றான் ஸுபைர். "மஸீஹா, செல்லு புள்ள. முடிஞ்சிது எண்டு செல்லு."

ஸக்கியா தட்டியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கிடுகு ஓலையின் இடுக்கால் வெள்ளைச் சேலை தெரிந்தது. வாங்கிலிருந்து எழும்புவது தெரிந்தது. போர்வை கீழே விழுந்தது. ஒரு கை மேலே போய் வளையத்தைப் பிடித்தது.

இருமல் வந்தது. ஒரு தரம்தான். மூச்சு இழுத்து, நேராயிற்று. பிறகு நூற்று இருபத்தெட்டு நாளாக எந்த அந்நிய ஆணும் கேட்டிராத குரல் கேட்டது.

"பொன்னையா அண்ணே, அந்த ஆணியத் திரும்ப அடிங்க."

சுத்தியல் அந்தரத்தில் நின்றது. ஜுனைதீன் தலையைக் குனிந்துகொண்டான்.

"லெப்பை, என்ட இத்தா முடியல்ல. என்ட வயித்துல அவர்ட புள்ள ஈக்கி. ஆறாம் மாசம்."